ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கப் போனோம், அம்மா பால் மரம் சீவிக் காட்டினார் (சுங்கை சிப்புட், மலேசியா)

சிப்புட் அம்மா | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். இன்று நாங்கள் போய் வந்த ஒரு சின்னப் பண்ணையைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன வருடம் பட்ட பாடு. வேறு மாநிலத்தில் ஒரு பண்ணை, பெயர் வேண்டாம். நாலு பேருக்கு நுழைவுச்சீட்டு மட்டும் 120 வெள்ளி (ரிங்கிட்). தகரக் கொட்டகையில் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. ஆளுக்கு ஒரு கூடைப் புல்லைக் கொடுத்துத் தீனி போடச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் நாலு பஸ் வந்து போயிருந்தது. வயிறு நிறைந்த ஆடுகள் புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவன் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான். கை கழுவக் கழிப்பறையில் ஒரே ஒரு குழாய், அதிலும் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. மூன்றாம் நாள் அவனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தோம். அங்கேதான் தொற்றியது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு பண்ணை என்றாலே எனக்குப் பயம்.

இன்று போனது நம் ஊரிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவில் நாலு ஏக்கர் நிலம். வேலை ஓய்வு பெற்ற கணவன் மனைவி இருவர் நடத்துகிறார்கள். நாற்பது ஆடு, கோழி, வாத்து, கெலுலுட் (கொடுக்கு இல்லாத சின்னத் தேனீ) தேன் பெட்டிகள், ஓரமாக முப்பது பழைய பால் மரங்கள் (ரப்பர் மரங்கள்). முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு நேரத்தில் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் விடுவதில்லை. ஒருவருக்கு 10 வெள்ளி. நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பிள்ளைகள் உயரத்துக்குக் கட்டிய சிமெண்டுத் தொட்டி, ஆறு குழாய், ஆறு சவர்க்காரம். அதைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது.

பால் புட்டி கொடுக்கும் நேரம் காலை எட்டு மணி. தாய் ஏற்காத குட்டிகள் மூன்று இருந்தன. சின்னவன் (5 வயது) புட்டியைக் கீழே பிடித்தான். பண்ணைக்கார அக்கா அவன் முழங்கையைத் தூக்கிவிட்டு, "தாய் மடி இருக்கிற உயரத்துல பிடி. குட்டி கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கிக் குடிச்சாதான் பால் சரியான வயித்துக்குப் போகும்" என்றார். ஆட்டின் வயிற்றில் நாலு அறை. குட்டி சப்பிக் குடிக்கும்போது தொண்டைக்குக் கீழே ஒரு மடிப்பு குழாய் மாதிரி மூடிக்கொண்டு, முதல் மூன்று அறைகளைத் தாண்டிப் பாலை நேராக நாலாவது அறைக்குக் கொண்டுபோகிறதாம். குட்டி நடு நடுவே புட்டியை முட்டியது. "கோவமா இருக்கா?" என்று பயந்து கேட்டான். "இல்லடா, அம்மா மடியை முட்டினா பால் இறங்கும். அதே பழக்கம்." அதற்குப் பிறகு குட்டி முட்டும்போதெல்லாம் "பால் இறங்குது, பால் இறங்குது" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

பெரியவளை (9 வயது) ஒரு கிடாவின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். மேல் தாடையில் முன்பல் ஒன்றுகூட இல்லை, கெட்டியான ஈறு மட்டும்தான். வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. எத்தனை படப் புத்தகத்தில் ஆட்டை வரைந்து வண்ணம் தீட்டியிருப்பாள்!

இனி என் அம்மா. வயது 71. முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் சீவியவர். வரும்போதே முணுமுணுப்பு, "ஆட்டைப் பார்க்க வெள்ளி கொடுத்துப் போகணுமா? நம்ம லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுக்கு நாலு நின்னுச்சு." ஆட்டுக் கொட்டகைப் பக்கம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக அந்த ஐயா மரம் சீவிக் காட்டக் கத்தியை எடுத்தார். அம்மா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "தம்பி, பட்டைல ரொம்ப ஆழமா இறங்குது" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

சுருக்கம் விழுந்த அந்தக் கை கத்தியைப் பிடித்ததும் வேறு கை ஆகிவிட்டது. முதலில் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நகத்தால் நெம்பி ஒரே இழையாக உரித்தார். அறுபடாமல் ரிப்பன் மாதிரி வந்தது. அதைப் பேத்தியின் கையில் சுற்றிவிட்டார். அப்புறம் இடப்பக்கம் மேலே ஆரம்பித்து, வலப்பக்கம் இறங்குகிற மாதிரி, சின்னச் சின்ன இழுப்பாகத் தன் பக்கம் இழுத்தார். சீவல் காகிதத் தடிப்பில் விழுந்தது. கோடு முழுக்க வெள்ளை முத்து முத்தாகப் பூத்து, ஒன்றாகச் சேர்ந்து, தகரத் துண்டு வழியாக மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) சொட்டியது. பெரியவள், "பாட்டி, ஏன் இடப்பக்கம் ஏத்தி வெட்டுறீங்க?" என்று கேட்டாள். அம்மா, "பால் நரம்பு நேரா நிக்காது, லேசா வலப்பக்கம் சாஞ்சு மேலே ஏறும். இப்படி வெட்டினாதான் நிறைய நரம்பு அறுபடும்" என்றார்.

என் அம்மாவை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். இதை நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை.

வேறு யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா? என் மகளின் தமிழ்ப்பள்ளி வகுப்பையே கூட்டிப் போகலாமா என்று ஒரு யோசனை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கோலகங்சார் அண்ணன் | சனி, இரவு 10.05

தங்கச்சி, படிக்கும்போது என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. வகுப்பைக் கூட்டிப் போவதாக இருந்தால் பண்ணை முடிந்து எங்கள் ஊருக்கும் வாருங்கள், அரை மணி நேர ஓட்டம்தான். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பது இங்கே நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மா சீவிய மரத்துக்கு அது பாட்டி முறை. மரத்தைக் கொல்லாமல் மெல்லிய சீவலாக எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் இருந்த ரிட்லி என்பவர் சோதித்து நிலைநாட்டினார். பிள்ளைகள் மரத்தடியில் நின்று அதைக் கேட்டால் மறக்க மாட்டார்கள்.

---

ஈப்போ தாதி | ஞாயிறு, காலை 7.15

அக்கா, அந்த ஆறு குழாய்களைப் பற்றி எழுதினீர்களே, அதற்கே நான் அவர்களைக் கும்பிடுவேன். பிள்ளைகள் பிரிவில் பதினோரு வருடம் வேலை செய்கிறேன். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. ஆட்டைத் தொடவே கூடாது என்று சொல்கிறவளும் இல்லை நான். சில விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்.

ஆடு, மாட்டின் சாணத்தில் ஈ.கோலை கிருமியின் ஒரு கடுமையான வகை இருக்கலாம். விலங்குக்கு ஒன்றும் செய்யாது, பார்க்க நல்ல ஆரோக்கியமாக நிற்கும். பிள்ளைக்குப் போனால் மூன்று நாலு நாள் கழித்து வயிற்றுவலி, இரத்தம் கலந்த பேதி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில சமயம் சிறுநீரகம் வரை பாதிக்கும். கன்று, குட்டிகளிடமிருந்து வரும் இன்னொரு கிருமி கிரிப்டோஸ்போரிடியம். கை துடைக்கும் ஜெல்லுக்கு அது சாகாது. எல்லாரும் பையில் ஜெல் வைத்துக்கொண்டு தைரியமாகப் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். சவர்க்காரம், ஓடும் தண்ணீர், விரல் இடுக்கு, நகம், இருபது நொடி. இவ்வளவும் செய்யாமல் ரொட்டித் துண்டைத் தொடக் கூடாது. விரல் சூப்பும் பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கப் போய்விடக் கூடாது.

பச்சைப் பால் குடிக்கக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மரியாதைக்காகக்கூட வாங்காதீர்கள். 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 நொடி சூடாக்கிய பால்தான் பாதுகாப்பு. வீட்டில் என்றால் நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் போதும்.

கெலுலுட் தேன் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூடவே கூடாது. எந்தத் தேனும் கூடாது.

வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் குட்டி ஈனும் ஆட்டின் பக்கம் போகக் கூடாது. குட்டி ஈன்ற இடத்து வைக்கோல், நஞ்சுக்கொடி எல்லாவற்றிலும் கருவைப் பாதிக்கும் கிருமிகள் இருக்கலாம். பண்ணைக்காரர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கேட்டுவிடுங்கள்.

மழைக்காலம் என்றால் பூட்ஸ். சேற்றில் வெறுங்காலோடு விட வேண்டாம், காலில் சிராய்ப்பு இருந்தால் சுத்தமாகவே வேண்டாம். எலி மூத்திரக் காய்ச்சல், நம் ஊரில் கென்சிங் திக்குஸ் என்று சொல்வோமே, அது தேங்கிய தண்ணீரில்தான் வருகிறது.

---

பெரட்டுக்களம் | ஞாயிறு, காலை 11.30

சகோதரி, நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவன். ஒன்பது வயதில் விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுப்புவார். பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து இருட்டில் நிரைக்கு (பால் மர வரிசைக்கு)ப் போவோம். நெற்றி விளக்கு அம்மாவுக்கு. நான் பின்னால் மங்கு துடைத்து வைத்துக்கொண்டே, கட்டிப்பால் பொறுக்கிக்கொண்டே போவேன். கணக்கில் என் பெயர் கிடையாது, சம்பளம் அம்மா பெயரில்தான். அட்டை கடித்த காலோடு ஏழரைக்குப் பள்ளிக்கு ஓடுவேன். சட்டையில் பால் வாடை. வகுப்பில் தூங்கி விழுவேன். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் காசு இல்லை. ராத்திரி கூரையில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த மரத்தை விட்டு என் பிள்ளைகளை வெளியே கொண்டுவர நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. இன்று அதே மரத்தின் முன்னால் பேரப்பிள்ளைகளை நிறுத்தி, "பார், எவ்வளவு அழகா வடியுது" என்று காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆடு, கோழி பார்க்கட்டும், நல்லது. பால் மரம் வேண்டாம்.

---

மாட்டுக்காரர் பேரன் | ஞாயிறு, மதியம் 1.20

ஐயா சொன்னதை மதிக்கிறேன். எனக்கு ஞாபகத்தில் இருப்பது மாடு.

என் தாத்தா தோட்டத்தில் வேலை செய்துகொண்டே ஏழு மாடு வைத்திருந்தார். காலையில் காட்டு வேலை, மாலையில் மாடு. செம்பனை நிரைகளுக்கு நடுவே மேயும். சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் பால் கறந்து, சைக்கிளில் டவுனுக்கு எடுத்துப் போவார். மூன்று அத்தைகளுக்கும் கல்யாணம் நடந்தது அந்தப் பால் காசில்தான். பிறகு மாடு வைக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் விற்றார். கடைசி மாட்டை லாரியில் ஏற்றிய அன்று அவர் பசியாறவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது.

என் பிள்ளைகள் மாட்டுப் பொங்கலுக்குக் கைப்பேசியில் மாட்டுப் படம் அனுப்புகிறார்கள். மூத்தவனுக்கு மாட்டு மூக்கு ஈரமாக இருக்கும் என்றுகூடத் தெரியாது. அந்தப் பண்ணையில் மாடு இருக்கிறதா சகோதரி? இருந்தால் நாளைக்கே கிளம்புகிறேன்.

---

சிப்புட் அம்மா | ஞாயிறு, மாலை 5.50

மாடு இல்லை தம்பி, ஆடு மட்டும்தான். ஆனால் தைப்பொங்கலுக்குப் பக்கத்துக் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கட்டுவார்களாம். தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன்.

பெரட்டுக்களம் ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு சொல்றது ஒண்ணுகூடப் பொய்யில்ல. நானும் பதினோரு வயசுல போனவதான். வயித்துல உன்னை வச்சுக்கிட்டு ரெண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்புல (தோள்ல வச்சுத் தூக்குற காவடிக் கம்பு) தூக்குனேன். ஆனா கஷ்டத்தை மட்டுமே சொல்லிக்கிட்டிருந்தா, எனக்குத் தொழில் தெரியும்கிறது எங்க போகும்? ஒரு நாளைக்கு ஐநூறு மரம். ஒரு மரத்துல காயம் போட்டிருக்க மாட்டேன். காயம் பட்ட மரத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், அடுத்த சுத்துல அங்க கத்தி ஓடாது. என் நிரைல பட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் பார்க்க ஆளே இல்லாமப் போச்சு. இந்தப் புள்ள நேத்துதான் பார்த்தா."

ஐயா, இதை உங்களுக்கு எதிர்வாதமாகச் சொல்லவில்லை. அம்மா சொல்லச் சொன்னார்.

---

ஆறாம் ஆண்டு ஆசிரியர் | ஞாயிறு, இரவு 8.10

நான் இந்த வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். இழையை முதலிலிருந்து படித்தேன். அம்மாவின் பேச்சை இரண்டு முறை படித்தேன்.

நம் பள்ளிகளே தோட்டத்திலிருந்து வந்தவைதானே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் லயத்து அறையும் ஆயாக் கொட்டகையுமே (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பள்ளி. இன்று என் வகுப்பில் இருபத்திரண்டு பேர். ஒருவர்கூடத் தோட்டத்தில் வசிக்கவில்லை, எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். "நிரை" என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன், இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. தோட்டம் என்றால் பூச்செடித் தொட்டி என்று ஒரு பையன் எழுதினான்.

பண்ணைப் பயணம் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். வெறுமனே கூட்டிப் போய் வந்தால் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது பஸ்ஸும் ஐஸ்கிரீமும்தான். போவதற்கு முன்னால் ஒரு வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். நான் இரண்டு வருடமாகச் செய்வது முட்டை. பண்ணையிலிருந்து கரு உள்ள கோழி முட்டை பன்னிரண்டு வாங்கி, சின்ன அடைகாக்கும் பெட்டியில் 37.5 பாகைச் சூட்டில் வகுப்பிலேயே வைப்பேன். 21 நாள். முதல் 18 நாளும் முட்டையைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். யார் எப்போது திருப்பினார்கள் என்று அட்டவணையில் கையெழுத்துப் போடுவார்கள். சனி ஞாயிறு முறை எனக்கும் பள்ளிக் காவலாளி ஐயாவுக்கும். ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, முட்டைக்கு அடியில் கைவிளக்கைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி தெரியும், நடுவே ஒரு புள்ளி துடிக்கும். அன்றைக்கு வகுப்பு இருந்த அமைதியை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

முதல் வருடம் பன்னிரண்டில் ஏழுதான் பொரிந்தன. ஒரு குஞ்சு ஓட்டைப் பாதி உடைத்துவிட்டு நின்றுபோனது. உதவி செய்து உரிக்கலாமா என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வந்து செத்துவிடும் என்று பண்ணைக்கார அக்கா சொல்லியிருந்தார். காத்திருந்தோம். அது பிழைக்கவில்லை. அதைப் பள்ளித் தோட்டத்தில் புதைத்தோம். ஒரு மாணவி அன்று எழுதிய கட்டுரையை இன்னும் வைத்திருக்கிறேன்.

குஞ்சுகளை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. வளர்க்க இடம் இல்லாமல் பொரிக்க வைப்பது பாவம். அதனால் பண்ணைப் பயணத்தையே குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளாக வைத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். அந்த வழி முழுக்கச் சத்தமே இருக்காது.

சிப்புட் அம்மா, உங்கள் பண்ணைக்கு வர எனக்கு ஆசை. உங்கள் அம்மா வருவதாக இருந்தால் மட்டும்தான் பால் மரம் பக்கம் போவோம். அவர் இல்லாமல் அதைக் காட்டும் தகுதி எனக்கு இல்லை.

---

செம்பனைக் காடு | ஞாயிறு, இரவு 9.45

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்கிறேன். பண்ணை செம்பனைக்கு நடுவில் என்கிறீர்கள், அப்படியானால் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

ஒன்று, கூகை. எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டி வைக்கிறோம். கூகை அதில் குடியிருக்கும். எலியை விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பெட்டிக்குக் கீழே கட்டை விரல் அளவில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு, தாடை, மஞ்சள் பல், விலா எலும்பு எல்லாம் முழுசாக வரும். கறுப்புத் தாளில் ஒட்டி எலும்புக்கூட்டை அடுக்கலாம். என் மகன் ஒரே உருண்டையில் மூன்று மண்டையோடு எண்ணினான்.

இரண்டு, ஆண் பூ. பாளையில் மஞ்சளாகப் பூத்திருக்கும்போது பக்கத்தில் போய் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு வரும் பொடி வண்டுதான் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோகிறது. நம் ஊர் வண்டு இல்லை. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னால் பெண்கள் மகரந்தத் தூளை ஊதுகுழலில் நிரப்பிக்கொண்டு மரம் மரமாகப் போய் ஊதினார்கள். என் பெரியம்மா அந்த வேலை செய்தவர். ஒரு வண்டு வந்து அந்த வேலையையே எடுத்துக்கொண்டது என்று சொல்வார்.

எச்சரிக்கையும் உண்டு. குலை வெட்டும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது. இருபது கிலோ குலை மேலிருந்து விழும், மட்டை முள் காலில் ஏறும். மருந்து அடித்த பகுதிக்கும் கூடாது. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

---

ஷா ஆலாம் தாயார் | திங்கள், காலை 8.30

எங்கள் பக்கம் தேசியத் தாவரப் பூங்காவும் செர்டாங்கில் பல்கலைக்கழகப் பண்ணையும் இருக்கின்றன. இரண்டுக்கும் போயிருக்கிறோம். இடம் பெரிது, நல்ல இடங்கள்தான். ஆனால் அக்கா எழுதிய மாதிரி ஒருவர் பிள்ளையின் முழங்கையைத் தூக்கிப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம். வயது 7. சத்தமும் கூட்டமும் அவனுக்கு ஆகாது, புது வாசனையும் ஆகாது. ஆனால் பூனையோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். அவனை அங்கே கூட்டி வரலாமா? ஈப்போவில் என் நாத்தனார் வீடு இருக்கிறது, தங்கி வரலாம்.

---

சிப்புட் அம்மா | திங்கள், மதியம் 12.40

தங்கச்சி, உங்களுக்காக இப்போதே பண்ணைக்கு அழைத்துக் கேட்டேன். வார நாளில், வேறு யாரும் வராத காலையில், உங்கள் குடும்பம் மட்டும் வரலாம் என்றார்கள். நேரே கொட்டகைக்குள் கூட்டிப் போக மாட்டார்களாம். ஆட்டுக் கொட்டகை தரையிலிருந்து உயரமாக, பலகை இடைவெளி விட்டுக் கட்டியது. சாணம் கீழே விழுந்துவிடும், ஆனால் வாடை அங்கேதான் அதிகம். அதனால் ஒரு குட்டியை மட்டும் மாமரத்தடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அவன் தொடாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். குட்டியே மோந்து பார்க்க வரும். பலா இலை ஒரு கொத்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும் என்று அந்த அக்கா சொன்னார். அவன் போட்டுக்கொள்கிற காது மூடி இருந்தால் எடுத்து வாருங்கள், சேவல் எந்த நேரமும் கூவும்.

---

ஷா ஆலாம் தாயார் | திங்கள், மதியம் 12.55

அழுதுவிட்டேன் அக்கா. அடுத்த மாதம் வருகிறோம்.

---

பெரட்டுக்களம் | திங்கள், இரவு 10.20

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து அவர் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் அம்மாவும் பட்டையைத் தடவிப் பார்த்து, "அடுத்த நிரைக்காரி ஆழமா இறக்கிட்டா" என்று சொல்வார். நான் அதை வேலை அலுப்பில் பேசுகிற பேச்சு என்று நினைத்திருந்தேன்.

இருந்தாலும் நான் வர மாட்டேன். ஒரு கோரிக்கை மட்டும். மரம் சீவிக் காட்டும்போது, அதைச் செய்தவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பிள்ளைகள் எத்தனை பேர் கணக்கில் பெயர் இல்லாமல் கூடவே நடந்தார்கள் என்பதையும் ஆசிரியர் சொல்ல வேண்டும். 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் சொல்லுங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆட்கள் தெருவில் நின்றபோது, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். என் அப்பாவும் பங்கு போட்டார். அந்தப் பங்குச் சீட்டு எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. சம்பந்தன் பிறந்தது உங்கள் சுங்கை சிப்புட்தானே, பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

---

ஆறாம் ஆண்டு ஆசிரியர் | செவ்வாய், மாலை 4.30

ஐயா, கட்டாயம் சொல்கிறேன். நீங்கள் எழுதிய அந்த விடியற்காலைப் பகுதியை, உங்கள் அனுமதி இருந்தால், பயணத்துக்கு முதல் நாள் வகுப்பில் வாசிக்க விரும்புகிறேன்.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். பெற்றோர் கடிதம் தயாராகிறது. இருபத்திரண்டு பேரையும் ஒரே நேரத்தில் விட மாட்டார்கள் என்பதால் இரண்டு குழு. ஒரு குழு ஆட்டுக்கும் கோழிக்கும் போகும்போது மற்றக் குழு பால் மரத்தடியில். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்ட ஒரு தோட்டச் சொல்லை எழுதிக் கொண்டுவர வேண்டும். இன்று காலை சொன்னேன், மாலைக்குள்ளேயே ஒருவன் "தவரணை"யோடு வந்து நிற்கிறான். அவன் பாட்டி நாற்றங்காலில் வேலை செய்தவராம். அவருக்கும் பஸ்ஸில் இடம் வைத்திருக்கிறேன்.

தாதி அவர்களே, ஒரு சந்தேகம். அந்த மரங்களில் மங்கு மாட்டியே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மழை பெய்தால் கொசு வருமே?

---

ஈப்போ தாதி | செவ்வாய், இரவு 9.00

நல்ல கேள்வி சார். ஏடிஸ் கொசுவில் ஒரு வகை இந்த மாதிரிக் காட்டு ஓரத்து மங்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும்தான் முட்டையிடும். டெங்கி அதுவும் பரப்பும். சீவாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டு வரட்டும், கொசு மருந்தும் தடவிக்கொள்ளலாம். சனிக்கிழமை எனக்கு விடுப்பு. நானே சவர்க்காரத்தோடு வந்து குழாயடியில் நிற்கிறேன்.

---

சிப்புட் அம்மா | புதன், காலை 6.50

மங்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "கவிழ்க்காம எவ வைப்பா?" என்று என்னையே கேட்டார். சரிதான், இன்று காலை பண்ணைக்கார ஐயாவை அழைத்துக் கேட்டதில் அங்கேயும் எல்லாம் கவிழ்த்துத்தான் இருக்கிறதாம்.

சார், ஒரு மாற்றம். பயணத்தை எட்டரை மணிக்கு வைக்கும் திட்டம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வெயில் ஏறினால் பால் வடியாது, பிள்ளைகள் மங்கில் வெறும் நாலு சொட்டைப் பார்த்துவிட்டு வருவார்களா என்கிறார். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் அழுத்தமாக நிற்கும். அதனால் பால் மரக் குழு ஏழு மணிக்கே அங்கே இருக்க வேண்டும், பஸ் ஆறரைக்குப் பள்ளியில் கிளம்ப வேண்டும். பசியாற இட்லியும் சட்னியும் நான் செய்து கொண்டுவருகிறேன், ஆனால் கை கழுவிய பிறகுதான்.

மழை பெய்தால் மரம் ஈரமாக இருக்கும், பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அன்றைக்குச் சீவ முடியாது, அடுத்த சனிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளி இரவு மழை வந்தால் நான் உங்களுக்கு அழைக்கிறேன். அம்மா எப்படியும் விழித்திருப்பார்.